என் தங்கை பென்சிலைக் கீழே வைத்த நாள்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ‘வாட்டர்’ என்ற சொல்லின் நடுவில் குத்துக்கல் மாதிரி ஒரு ‘ட்’ உட்கார்ந்திருந்ததே, அதை எந்தப் பாவி தூக்கிக்கொண்டு போனான் என்று தெரியவில்லை. இவர்கள் ‘வாடர்’ என்று வழுக்கிக்கொண்டு போய், கடைசியில் வரும் ‘ர்’ரை மட்டும் நாக்கைச் சுருட்டி அரை நிமிடம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் லீவுக்கு வந்தால் மொட்டை மாடியில் நின்று போனில் இப்படித்தான் மணிக்கணக்காகப் பேசுகிறான். என் வீட்டுக்காரர் கீழே இருந்தபடி, “அவன் வாயில என்னமோ வச்சிருக்கான், துப்பிட்டுப் பேசச் சொல்லு” என்பார்.

சொல்லலாம். சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அதுதான் என் கோபத்தை இரண்டு மடங்காக்குகிறது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் இப்படிப் பேசித் திரிந்தவள்தான். வெறுமனே பேசித் திரிந்தால்கூடப் பரவாயில்லை. மூன்றே நிமிடம் இங்கிலீஷ் வாசித்து, என் சொந்தத் தங்கையின் வேலையைக் கெடுத்து, அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவள் நான். (கல்யாணம் நல்ல காரியம்தானே என்று கேட்காதீர்கள், விஷயத்தை முழுதும் கேளுங்கள்.)

எண்பத்து நாலாம் வருடம். பரமக்குடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் சந்தானம் சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. பதினாறு மிஷின்கள். காலையில் ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் சத்தத்தில் கீழே கடைக்காரர் துணி அளப்பதை நிறுத்திவிட்டு எங்களைச் சபிப்பார். டைப் படிக்கும் கூட்டம் பெரிய கூட்டம். அதற்கு அப்பால், பலகைத் தடுப்புக்குப் பின்னால், சுருக்கெழுத்துப் படிக்கும் சின்னக் கூட்டம் ஒன்று பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்திருக்கும்.

சுருக்கெழுத்து என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கினால், ‘ரெக்கார்ட் பண்ணிக்கலாமே’ என்பார்கள். அவர்களை விடுங்கள். அந்தக் காலத்தில் பெரிய அதிகாரி கடிதத்தை வாயால் சொல்லுவார், ஸ்டெனோ அதைக் கோடும் வளைவும் புள்ளியுமாக அதே வேகத்தில் எழுதிக்கொள்வார், பிறகு டைப் அடிப்பார். இதில் எழுத்துக்கு மதிப்பில்லை, சத்தத்துக்குத்தான் மதிப்பு. காதில் என்ன விழுகிறதோ அதுதான் கையில் கோடாக வரும். ஆகவே சொல்லுகிறவரின் வாய் எப்படியோ, எழுதுகிறவரின் கோடும் அப்படித்தான்.

எங்கள் மாணவர்களின் காது முழுக்க சந்தானம் சாரின் வாயால் செய்யப்பட்டது. அச்சில் ஓர் எழுத்து இருந்தால் அதை வாயாலும் சொல்லிவிட வேண்டும் என்பது சாரின் கொள்கை. புதன்கிழமைக்கான இங்கிலீஷ் சொல்லில் வெள்ளைக்காரன் விழுங்கிவிடும் ‘ட்’டைக்கூட அவர் விடமாட்டார். ‘வெட்-நெஸ்-டே’ என்று மூன்றாக உடைத்து மேஜைமேல் வைப்பார். அந்த இங்கிலீஷைக் கேட்டு எழுதி, எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் கோர்ட்டிலும் தாலுகா ஆபீஸிலும் மின்சார வாரியத்திலும் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட ‘சார் இங்கிலீஷ் சரியில்லை’ என்று திரும்பி வந்ததில்லை.

நானும் ஆரம்பத்தில் சுருக்கெழுத்தில் சேர்ந்தவள்தான். மூன்று மாதத்தில் என் கோடுகளை என்னாலேயே திரும்பப் படிக்க முடியவில்லை என்பதால் டைப்போடு நிறுத்திக்கொண்டேன். என் தங்கை காளீஸ்வரி அப்படியில்லை. எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர், காலை முதல் பஸ்ஸில் வந்து முதல் வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதுவாள். சார் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினால் தலையைத் தூக்கி, ‘அவ்வளவுதானா’ என்பது போலப் பார்ப்பாள்.

காளிக்கு அவசரம் இருந்தது. எங்கள் அய்யா (அப்பாதான்) மிளகாயும் பருத்தியும் போடுகிற மனிதர், வார்த்தையை மிச்சம் பிடிப்பவர். “ஏத்தா, ஆடி முடியிற வரைக்கும் பாரு. வேலை கிடைச்சா நீ கேக்குற வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன். கிடைக்கலைன்னா ஆவணியில முதுகுளத்தூர்க்காரகளுக்கு வாக்குக் குடுத்துருவேன்” என்று சொல்லிவிட்டார். முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் காளியைக் கேட்டுக்கொண்டிருந்தது. காளிக்கு அந்த மாப்பிள்ளைமேல் எந்த வெறுப்பும் இல்லை. அவளுக்கு ஓர் ஆபீஸில் உட்கார்ந்து, யாரோ பேசுவதை எழுதி, அடியில் கையெழுத்துக்கு நீட்ட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

இந்த இடத்தில் நான் மெட்ராஸுக்குப் போகிறேன். (போகாமல் இருந்திருக்கலாம்.) அங்கே இருந்த எங்கள் மாமா, தன் சிநேகிதரின் ஆபீஸில் ஒரு பெண் பிரசவ லீவில் போனதால் ஐந்து மாதத்துக்கு என்னை ரிசப்ஷனில் உட்காரவைத்தார். பக்கத்து நாற்காலியில் ஷீலா என்று கான்வென்ட்டில் படித்த ஒரு பெண். அவள் பேசும் இங்கிலீஷில் பாதி வார்த்தை வாயிலிருந்தும் மீதி மூக்கிலிருந்தும் வரும். சொல்லின் கடைசியில் ‘ர்’ வந்தால் அதைத் தொடவே மாட்டாள், தொட்டால் தீட்டு மாதிரி. ‘ஷெட்யூல்’ என்பாள். சந்தானம் சார் அதை ‘செட்யூல்’ என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த ‘ஷெ’வைக் கேட்ட நிமிடமே நான் இத்தனை வருடம் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தேன்.

மாமா வீட்டுக் குளியலறையில் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு ‘ஷெட்யூல், ஷெட்யூல்’ என்று பழகினேன். மாமி கதவைத் தட்டி, வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி ஆரம்பித்தால் வாயைப் பிளந்துகொண்டு அதன் முன்னால் உட்காருவேன். ஐந்து மாதத்தில் என் வாயில் ஒரு வெள்ளைக்காரி குடியேறிவிட்டாள். பிரசவம் முடிந்து அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினாள், நான் ஊருக்குத் திரும்பினேன். ஊரில் ‘நானாகத்தான் ராஜினாமா செய்தேன்’ என்று சொல்லிவைத்தேன்.

மதுரையில் பஸ் ஏறி, கண்டக்டரிடம் பரமக்குடியையே அந்த மாதிரி உதட்டைக் குவித்துச் சொல்லி டிக்கெட் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அது எங்கன இருக்குன்னு தெரியல தாயி. இந்த வண்டி பரமக்குடிதான் போகும்” என்றார். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம்தான் வந்தது.

சார் எனக்கு டைப் சொல்லிக்கொடுக்கும் வேலை கொடுத்தார். நான் ‘ஸ்பேஸ் பார்’ என்று சொன்னால் பிள்ளைகள் எதை அமுக்குவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

சித்திரை வந்தது. அழகர் வைகையில் இறங்குகிற அன்றைக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்தில் சந்தானம் சார் காலையிலிருந்து மாலைவரை நனைந்தார், கோவிந்தா போட்டார், மறுநாள் அவர் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. அதற்கு அடுத்த நாள்தான் உப்புக் கம்பெனியின் தேர்வு.

வாலிநோக்கம் பக்கம் உப்பளம் வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு ராமநாதபுரம் ஆபீஸில் ஒரு ஸ்டெனோ தேவைப்பட்டது. அதன் மேனேஜர் தூத்துக்குடிக்காரர், எங்கள் சாரைக் கேள்விப்பட்டு, “உங்க இடத்துலேயே பரீட்சை வச்சிருவோம், நீங்களே வாசிங்க” என்று சொல்லியிருந்தார். ஆறு பேர் எழுத வேண்டும். ஆறு பேருமே எங்கள் பிள்ளைகள். காளிக்குத்தான் கிடைக்கும் என்று மற்ற ஐந்து பேரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். கமுதிப் பக்கத்துத் தவசி என்ற பையன், வகுப்பில் எப்போதும் கடைசி, “நான் சும்மா பஸ் மாத்துறதுக்கு எறங்குனேன் டீச்சர்” என்று என்னிடமே சொன்னான். காளி மட்டும் நான்கு பென்சில்களைச் சீவி வைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். சார் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தார். பிறகு என்னைக் கை காட்டினார்.

எனக்குக் காலே தரையில் பாவவில்லை. மேனேஜர் கொடுத்த தாளை வாங்கினேன். உப்பு மூட்டை பற்றி யாரோ ஒரு வியாபாரிக்குக் கம்பெனி எழுதிய கடிதம். சார் ஒரு துண்டுச் சீட்டில் என்னவோ அவசரமாக எழுதி என் கையில் திணித்தார். பார்த்தால், பழக்க தோஷத்தில் சுருக்கெழுத்தில் எழுதியிருக்கிறார். நான்கு கோடு, இரண்டு கொக்கி, ஒரு புள்ளி. எனக்குப் படிக்கத் தெரியாது என்று மேனேஜர் முன்னால் எப்படிச் சொல்வது? பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டி, அதை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சார் வாசிக்கிற முறை ஒன்று உண்டு. தாளில் கால் நிமிடத்துக்கு ஒரு கோடு கிழித்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, ஒரே சீராக, மாட்டு வண்டி போவது போலப் போவார். நான் அப்படியெல்லாம் கோடு கிழிக்கவில்லை. ஷீலா கோடு கிழித்தா பேசினாள்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மோவாயை உயர்த்தி ஆரம்பித்தேன்.

‘டியர் சர்’ வரைக்கும் ஆறு பென்சிலும் ஓடின.

அதற்குப் பிறகு நான் என்ன வாசித்தேன் என்பது எனக்கும் அந்த ரேடியோ செய்தி வாசிப்பவருக்கும்தான் தெரியும். இருந்த ‘ர்’களையெல்லாம் விழுங்கினேன். ‘ட்’களை நாக்கு நுனியில் பஞ்சு மாதிரி தொட்டு விட்டேன். ஒரு வாக்கியத்தை உயரத்தில் ஆரம்பித்து, படி இறங்கி, கடைசி நான்கு வார்த்தைகளை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தேன், ஏனென்றால் ஷீலா அப்படித்தான் முடிப்பாள். நடுவில் ‘ஷெட்யூல்’ வந்தது. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் பிறந்ததுபோல, அதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விட்டு, சொன்னேன்.

தலையை நிமிர்த்தினேன். ஐந்து முகங்களில் பேய் அறைந்த களை. யாருடைய பென்சிலும் ஓடவில்லை, தவசியுடையதைத் தவிர. அவன் தலை குனிந்து கடகடவென்று எழுதிக்கொண்டிருந்தான். ‘அட, இவனாவது உலக ஞானம் உள்ளவன்’ என்று நினைத்தேன்.

காளியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, தெருவில் போகிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு பென்சிலை நோட்டின்மேல் குறுக்காக, சத்தமில்லாமல் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். மீதி ஒன்றரை நிமிடமும் நான் கை கட்டி உட்கார்ந்திருக்கும் என் தங்கைக்கு முன்னால் வாசித்தேன். நிறுத்தியிருக்கலாம். ‘மறுபடி முதலிலிருந்து’ என்று சொல்லியிருக்கலாம். நிறுத்தினால் உச்சரிப்பு அறுந்துவிடும் என்று பயந்து வாசித்து முடித்தேன். இதை எழுதும்போதும் எனக்கு என்னை நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருக்கிறது.

“வெரி குட் ரீடிங்” என்றார் மேனேஜர். அந்தக் கடிதத்தின் நகல் அவர் கையில் இருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எனக்குச் சீன பாஷைகூடப் புரியும்.

பிறகு ஒவ்வொருவரும் எழுந்து, எழுதியதைத் திரும்பப் படிக்க வேண்டும். முதல் பெண் ‘டியர் சர்’ என்றாள், அழுதுவிட்டாள். அடுத்த மூவரும் ‘டியர் சர்’ருக்கும் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’க்கும் நடுவில் ஆளுக்குப் பத்துப் பதினைந்து வார்த்தைகளைத் தேற்றினார்கள். காளி எழுந்தாள்.

“எனக்கு விளங்கல சார். விளங்காததை எழுதக் கூடாதுன்னு எங்க சார் சொல்லியிருக்காக” என்றாள்.

“ஏம்மா, ஆபீஸ்ல ஒவ்வொரு லெட்டரையும் நான் ரெண்டு தடவையா சொல்லிக்கிட்டு இருக்க முடியும்?”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தற்காப்புதான் முதலில் வந்தது. அந்த மோவாயை இன்னும் இறக்காமல், “தேர் லிஸனிங் இஸ் வெரி புவர், சர்” என்றேன். இவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்று சொன்னேன். நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை கேட்டு எழுதுகிற என் தங்கையைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு சொன்னேன்.

மூலையில் சந்தானம் சார் வாயைத் திறந்து திறந்து மூடினார். அன்றைக்கு அவருக்குத் தொண்டை இருந்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். கடைசியாகத் தவசி எழுந்து, பள்ளத்தில் ஓடுகிற தண்ணீர் மாதிரி, தடங்கலே இல்லாமல் ஒரு முழுக் கடிதத்தைப் படித்தான். மேனேஜர் நகலோடு ஒப்பிட்டார். “வார்த்தை அங்கங்க மாறியிருக்கு. ஆனா விஷயம் அப்படியே இருக்கு. பரவாயில்லை, பழக்கிக்கலாம்” என்று சொல்லி, அடுத்த திங்கள்கிழமை வரச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மாலையில் நானும் காளியும் ஊருக்குப் பஸ் பிடிக்க நின்றோம். அவள் என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றாள். தவசி ஒரு பொட்டலம் காராச்சேவுடன் என்னைத் தேடி வந்தான்.

“டீச்சர், ஒங்களுக்குப் பெரிய கும்புடு. நீங்க வாசிச்சதுல டியர் சர் மட்டுந்தான் எனக்குக் கேட்டுச்சு.”

“அப்புறம் எப்படிப்பா எழுதுன?”

“ரெண்டு வருசமா சார் எத்தனை லெட்டர் வாசிச்சிருக்காக. எல்லாத்துலயும் ஒரே சங்கதிதான. ஒங்க கடிதம் கெடைச்சது, மூட்டை லேட்டானதுக்கு மன்னிக்கணும், லாரி கிடைக்கல, இனிமே இப்படி நடக்காது. உப்புக் கம்பெனியா இருந்தா என்ன, பருத்திக் கம்பெனியா இருந்தா என்ன, மூட்டை லேட்டாத்தான டீச்சர் வரும்?”

காராச்சேவுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கமுதி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனான். நல்ல பையன், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்காததை எழுதியவனுக்கு வேலை, கேட்காததை எழுத மாட்டேன் என்றவளுக்கு ஒன்றுமில்லை. இந்த அநியாயத்துக்கு யாரைப் பிடித்து உலுக்குவது? சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் கண்ணாடிதான் கிடைக்கிறது.

வீட்டுக்குப் போனதும் இடுப்பிலிருந்த துண்டுச் சீட்டைக் காளியிடம் நீட்டினேன். அதற்குள் என் வாயிலிருந்து வெள்ளைக்காரி ஓடியே போயிருந்தாள். “இதுல சார் என்னத்தா எழுதியிருக்காரு?” என்று கேட்டேன்.

காளி ஒரே பார்வையில் படித்தாள். “என்னைய மாதிரியே வாசி, ஸ்டைல் வேண்டாம்னு எழுதியிருக்காக.”

சீட்டை வாங்கி மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகுதான் கேட்கத் தைரியம் வந்தது. “நீ ஏன்டி அந்த ஆளுகிட்ட சொல்லல? வாசிச்சது சரியில்லை, நீங்களே ஒருக்கா வாசிங்கன்னு கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா ஒனக்கு வாசிக்கத் தெரியலைன்னு ஆயிரும். சார் ஒன்னைய வேலைய விட்டு எடுத்துருவாக” என்றாள் காளி. “வீட்டுல ஒருத்தியாச்சும் வேலைக்குப் போகணும்ல.”

இதைச் சொல்லிவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். நான் அன்று அழுத அழுகையில் எந்த நாட்டு உச்சரிப்பும் இல்லை. மறுநாளே சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சார் மேனேஜருக்குக் கடிதம் போட்டார். ‘ஆள் சேர்ந்தாயிற்று, வருந்துகிறோம்’ என்று பதில் வந்தது. தவசி டைப் அடித்த முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். ஆடி முடிந்தது, வேறு எந்த ஆபீஸிலிருந்தும் கூப்பிடவில்லை, அய்யா வாக்குக் கொடுத்துவிட்டார். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை தங்கமான மனிதர். அவர் குடிகாரராகவோ கோபக்காரராகவோ இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த ஆறுதல்கூட எனக்கு வாய்க்கவில்லை.

காளி சுருக்கெழுத்தை விடவில்லை. மளிகைச் சாமான், மிளகாய்க்கு மருந்து அடித்த நாள், யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாவற்றையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கோடும் கொக்கியுமாக எழுதிவைத்தாள். கல்யாணமான புதிதில் அவள் மாமியார் அதில் ஒன்றைச் செய்வினைத் தகடு என்று பயந்து குறி சொல்லும் கோடாங்கியிடம் கொண்டு போனார். அவர் உற்றுப் பார்த்து, யாரோ கடுமையாகத்தான் வேலை செய்திருக்கிறார்கள் என்று சொல்லி உடுக்கை அடித்திருக்கிறார். அது எலுமிச்சை ஊறுகாய்க்கு வாங்க வேண்டிய சாமான்.

பென்சில் விவகாரம் எப்படியோ குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. (சந்தானம் சாருக்குத் தொண்டை சரியானதுதான் காரணம்.) எங்கள் வீட்டில் யாராவது அளவுக்கு மீறி இங்கிலீஷ் பேசினால், எதிரில் இருப்பவர் கையில் இருப்பதைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கரண்டியாக இருந்தாலும் சரி, பாதி தின்ற முறுக்காக இருந்தாலும் சரி. ஒரு துக்க வீட்டில்கூட என் சித்தப்பா மாலையைக் கீழே வைத்திருக்கிறார். காளி மட்டும் இந்த விளையாட்டில் ஒருநாளும் சேர்ந்ததில்லை. எல்லோரும் சிரிக்கும்போது அவளும் சிரிப்பாள், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இந்த வருடப் பொங்கலுக்குக் காளி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மகனும் வந்திருந்தான். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தோம். அவன் ஊருக்குத் திரும்புகிற ரயிலைப் பற்றி, நான் ‘ஷெட்யூல்’ பார்த்தாயா என்று கேட்டுவிட்டேன். அந்தச் சொல் மட்டும் மெட்ராஸிலிருந்து வந்த கோலத்திலேயே என் வாயில் தங்கிவிட்டது.

“அம்மா, இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல. ஸ்கெஜுல்” என்றான் அவன், நாக்கைச் சுருட்டிக்கொண்டு. “ஷெட்யூல்னா சிரிப்பாங்க.”

எனக்கு மண்டைக்குள் என்னவோ வெடித்தது. எந்த ‘ஷெ’வுக்காக நான் குளியலறையில் தவம் கிடந்தேனோ, எந்த ‘ஷெ’வைச் சொல்லி ஒருத்தியின் வேலையைச் சுடுகாட்டுக்கு அனுப்பினேனோ, அது இப்போது செல்லாதாம். ஒரு தலைமுறைகூடத் தாங்காத ஒரு மோஸ்தருக்கா நான் அதைச் செய்தேன்? சந்தானம் சாரின் ‘செட்யூல்’ என்ன பாவம் செய்தது? அதைச் சொல்லி முப்பது பேர் பென்ஷன் வாங்குகிறார்கள். இதையெல்லாம் ஒரே மூச்சில், கரும்பைக் கையில் ஓங்கியபடி, என் மகனிடம் கத்தினேன். அவன் வாயில் ஒரு நாடு குடியேறியிருக்கிறது, நாளைக்கு வேறு நாடு வரும், அப்போது தெரியும் என்றேன்.

வழக்கம்போல எல்லோரும் கரும்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

காளி கட்டவில்லை. “அக்கா, அன்னைக்கு நீ வாசிச்ச லெட்டர் இருக்கா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் பீரோவைத் திறந்துவிட்டேன். புடவைகளுக்கு அடியில், சாரின் துண்டுச் சீட்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்தேன். இத்தனை வருடம் அதை நான் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

“வாசி” என்றாள் காளி. நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். என் மகனின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, பென்சில் கேட்டு வாங்கிக்கொண்டாள். “சார் மாதிரி வாசி.”

தாளில் கால் நிமிடத்துக்கு ஒரு கோடு கிழித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். டியர் சார் என்று ஆரம்பித்து, எல்லா ‘ர்’ரையும் சொல்லி, எல்லா ‘ட்’டையும் மேஜைமேல் வைத்து, ஒரே சீராக, உப்பு மூட்டை தாமதமான கதையை வாசித்தேன். ‘செட்யூல்’ வந்தது, சொல்லிவிட்டுப் போனேன். மூன்று நிமிடம். காளியின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது, மிளகாய் பறித்துக் காய்ப்பேறிய விரல்களில் பென்சில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் முடித்ததும் அவள் தலையைத் தூக்கி, ‘அவ்வளவுதானா’ என்பது போலப் பார்த்தாள்.

பிறகு எழுந்து நின்று திரும்பப் படித்தாள். என் மகன் தாளை வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டான். முடிவில் அவன் முகத்தில் அந்த பெங்களூர்க் களை இல்லை. “சித்தி, ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்ல” என்றான்.

காளி அந்த நாள்காட்டித் தாளை என்னிடம் நீட்டினாள். “சரியா இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப வேலையக் குடு.”

கூடமே சிரித்தது. அவள் வீட்டுக்காரருக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. காளி சிரிக்கவில்லை, நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அன்றிலிருந்து பென்சில் விளையாட்டு பழசாகிவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது யார் எதைச் சரியாகச் செய்து முடித்தாலும், மீன்குழம்பு வைத்தாலும், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினாலும், என் முன்னால் வந்து கையை நீட்டி ‘வேலையக் குடு’ என்கிறார்கள். மற்றவர்களை விரட்டிவிடுகிறேன். காளி கேட்டால் மட்டும் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை, எந்த உச்சரிப்பிலும்.